அங்கன்வாடியில் காலை இரண்டு மணி நேரம் படிப்பு உண்மையாகவே நடக்க என்ன செய்யணும்?

நாலாம்வார்டு (கேள்வி)

வணக்கம். எங்கள் ஊராட்சியில் ஒரு அங்கன்வாடி. பதிவேட்டில் 2 வயது முதல் 5 வயது வரை 24 பிள்ளைகள். நேரில் போய் எண்ணினால் 13, 14-ஐத் தாண்டாது. நாலு வயது ஆனதுமே வேனில் ஏற்றி டவுன் நர்சரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். கட்டடம் ஒழுகவில்லை, தண்ணீரும் கரண்டும் இருக்கிறது.

இந்த வருடம் ஊராட்சியின் சொந்த வருவாயிலிருந்து 75,000 ரூபாய் இதற்கென்று ஒதுக்க முடியும். கூட்டத்தில் வந்த யோசனைகள்: சுவரெல்லாம் கார்ட்டூன் வரைவது, பெரிய டிவி, பிளாஸ்டிக் சறுக்குமரம். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. 2023 மே மாதம் ஒன்றிய அரசின் 'போஷன் பி படாய் பி' (சத்துணவோடு படிப்பும்) திட்டம் வந்ததிலிருந்து தினமும் குறைந்தது 2 மணி நேரம் முன்பருவக் கல்வி நடக்க வேண்டும் என்கிறார்கள். பணியாளர் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடை போடுவது, செல்போனில் ஏற்றுவது, சத்துமாவு கொடுப்பது, வீடு பார்வை, கூட்டம் எல்லாம் அவர் ஒருவர் தலையில்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது: அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கணும், அதற்கு என்ன பொருள் வேண்டும், பணத்தை எதில் போட்டால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்?

புளியங்கொட்டை

டிவி வேண்டாம். 2 வயதுக்குக் கீழே திரையே கூடாது, 2 முதல் 4 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்த ஒரு மணி நேரம் வீட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. அங்கன்வாடியில் டிவி வந்தால் பாட்டும் கதையும் பணியாளர் வாயிலிருந்து டிவிக்குப் போய்விடும். இந்த வயதில் மொழி வளர்வது பேசிப் பதில் கேட்கும் ஒரு ஆளிடமிருந்துதான்.

நேரத்தை இப்படிப் பிரித்தால் ஓடும். 9.30-க்கு வந்ததும் கை கழுவல், வருகை. 9.45 முதல் 20 நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பாட்டு, பேச்சு. அதற்குப் பிறகு 40 நிமிடம் மூலை விளையாட்டு. பிறகு தண்ணீர், ஒன்றுக்கு. 11 மணிக்கு அரை மணி நேரம் வயதுவாரியாக இரண்டு குழு. 11.30-க்கு வெளியே ஓட்டம், கடைசியில் 15 நிமிடம் கதை, சாப்பாடு. கூட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். இதில் பெரும்பாலும் அடிபடுவது மூலை விளையாட்டு. 'சும்மா விளையாடுறாங்க' என்று நினைத்து அந்த நேரத்தில் பதிவேடு எழுதப் போய்விடுவார்கள். உண்மையில் பணியாளர் பிள்ளையோடு தனித்தனியாகப் பேசக் கிடைக்கும் ஒரே நேரம் அதுதான். 'என்ன கட்டுற? இதுக்கு மேல இன்னொண்ணு வெச்சா நிக்குமா? ஏன் விழுந்துச்சு?' என்று மூன்று கேள்வி கேட்டாலே போதும்.

நாலு மூலை போதும். ஒன்று, கட்டை. பிளாஸ்டிக் செட் வாங்காதீர்கள். ஊர் ஆசாரியிடம் மிச்சக் கட்டைகளை 3, 6, 12 சென்டிமீட்டர் நீளத்தில், அகலமும் கனமும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக அறுத்து, இழைத்து, உப்புத்தாள் போட்டு வாங்குங்கள். பெயின்ட் வேண்டாம். இரண்டு சிறியது சேர்ந்தால் ஒரு நடுத்தரம், இரண்டு நடுத்தரம் சேர்ந்தால் ஒரு பெரியது. இதைச் சொல்லித்தரத் தேவையே இல்லை, கை கண்டுபிடிக்கும். ஒரு நேரத்தில் நாலு பேர் விளையாடினால் 120 முதல் 150 கட்டை வேண்டும். பத்து கட்டையை வைத்துக்கொண்டு 'பிள்ளைங்க சண்டை போடுதுங்க' என்று பலர் சொல்கிறார்கள். சண்டைக்குக் காரணம் பிள்ளை இல்லை, எண்ணிக்கை.

இரண்டு, சொப்புச் சாமான். மரச்சொப்பு, பழைய சேலைத் துண்டு, தேங்காய்ச் சிரட்டை, சிறு முறம், உடைந்த போன். 'நான் அம்மா, நீ கடைக்காரர்' என்று பேசிப் பழகுவது இங்கேதான். மூன்று, களிமண். குளத்து மண்ணை ஒரு இரவு ஊறவைத்துக் கல், வேர் நீக்கிப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடுங்கள். மண் கிடைக்காத மாதத்தில் மைதா இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் எண்ணெய், பிசையத் தண்ணீர். உப்பைக் குறைத்தால் இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கும். உப்பு இருந்தால் பிள்ளையும் அவ்வளவாகத் தின்னாது. நாலு, எண்ணவும் பிரிக்கவும் சாமான்.

இந்த நாலாவதில்தான் ஆபத்து. புளியங்கொட்டை, சோழி எல்லாம் நாலு வயதுக்கு மேல், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மூன்று வயதுக்குக் கீழே மூக்கில் போடும், காதில் போடும், வாயில் போட்டு மூச்சு அடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிதாக எதுவும் கொடுக்காதீர்கள். குன்றிமணி அழகாக இருக்கிறதென்று டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். ஓடு உடைந்து மென்றுவிட்டால் ஒரு மணியே ஒரு குழந்தையைக் கொல்லலாம். ஆமணக்கு விதையும் நஞ்சு. சுவரோரம் அரளி நட்டிருந்தால் வெட்டிவிடுங்கள். இது மூன்றையும் நாளைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள்.

சுவர்ப் படத்துக்குப் பதில் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை உள்சுவர் முழுக்கக் கரும்பலகை பெயின்ட் அடியுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டடி அகலம். நின்றபடி தோளிலிருந்து கை வீசிக் கிறுக்குவதுதான் எழுத்துக்கு முதல் படி.

கணக்குப்பிள்ளை

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் இதை யார் செய்வது? கேள்வியிலேயே பதில் இருக்கிறது: எல்லாம் ஒருவர் தலையில்.

இதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள், சில மையங்களில் மட்டும் முன்பருவக் கல்விக்கென்று அரை நாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். எந்த மையம் என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற மையங்கள் பழையபடியே இருந்தன. கூடுதல் ஆள் வந்த இடத்தில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதம் கழித்து, மையத்தில் தொடர்ந்த பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் 0.29 திட்ட விலக்கமும் மொழி மதிப்பெண் 0.46 திட்ட விலக்கமும் கூடியிருந்தன (திட்ட விலக்கம் என்பது பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு). இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. குள்ளமாகிப் போன பிள்ளைகளும், கடுமையாகச் சத்துக் குறைந்த பிள்ளைகளும் அந்த மையங்களில் குறைவு. வந்தவர் படிப்பைப் பார்த்துக்கொண்டதால் பழைய பணியாளருக்கு எடை, சத்துணவு, வீடு பார்வைக்குக் கை ஒழிந்தது. ஒரு ஆளைப் போட்டு இரண்டு வேலை உருப்பட்டது.

அதனால் 75,000-ஐ இப்படிப் பிரியுங்கள். மாதம் 5,000 வீதம் 11 மாதத்துக்கு 55,000 ஒரு அரை நாள் ஆளுக்கு. மீதி 20,000 கட்டை, சொப்பு, பாய், பெயின்ட், கதைப்புத்தகம். ஊரிலேயே 12-ஆம் வகுப்பு முடித்த, பிள்ளைகளிடம் சலிக்காமல் பேசுகிற பெண் ஒருவர். மகளிர் குழுவில் கேட்டால் கிடைப்பார். காலை 9.30 முதல் 12.30 வரை. தீர்மானம் போடும் முன் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அவர் அனுமதி இல்லாமல் வெளியாள் மையத்துக்குள் இருந்தால் நாளை ஒரு பிள்ளை விழுந்தாலும் பதில் சொல்லப்போவது பணியாளர்தான்.

இது கெடும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். சம்பளமில்லாத் தன்னார்வலர் என்று தொடங்கினால் இரண்டு மூன்று மாதத்தில், நடவு வந்ததும் நின்றுவிடும். குறைவாக இருந்தாலும் மாதம் தவறாமல் கொடுங்கள். இன்னொன்று, புதியவர் செல்போன் நன்றாகத் தெரிந்தவராக இருப்பார். நாலாம் வாரமே 'கொஞ்சம் இதை ஏத்திக் குடும்மா' என்று டிராக்கர் வேலை (செல்போன் செயலியில் விவரம் ஏற்றுவது) அவர் கைக்குப் போகும். அன்றே உங்கள் 55,000 பதிவேட்டுச் செலவாகிவிட்டது. '12.30 வரை பிள்ளைகளோடு மட்டும்' என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். சத்துமாவு வாங்க வருகிறவர்களின் முகப்பதிவு, விவரம் ஏற்றல் எல்லாம் மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்குத் தள்ள வேண்டும். காலையில் தாய்மார்கள் வாசலில் நின்றால் எந்தப் பணியாளரும் பாட்டுச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஒரு வருடம் போட்டு நிறுத்துவதானால் தொடங்கவே வேண்டாம். அடுத்த ஆண்டு ஊராட்சித் திட்டத்தில் இப்போதே இடம் பிடியுங்கள்.

நாலாம்வார்டு

மிக்க நன்றி. அரை நாள் ஆள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு சந்தேகம். தாய்மார்கள் கேட்பதெல்லாம் 'ஏபிசிடி எழுதுதா, நூறு வரைக்கும் சொல்லுதா' என்பதுதான். நர்சரியில் மூன்று வயதிலேயே நோட்டு நிறைய எழுதிக் காட்டுகிறார்கள். விளையாட்டு என்று சொன்னால் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். அரசே 2019 ஜனவரியில் 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியதும் இதற்காகத்தானே?

புளியங்கொட்டை

தாய்மார் கவலை நியாயம். அவர்களிடம் 'விளையாட்டுதான் கல்வி' என்று வகுப்பு எடுக்காமல் காட்டுங்கள்.

மூன்று வயதுப் பிள்ளை பார்த்து வரையக்கூடியது வட்டம். கூட்டல் குறி நாலு வயதில், சதுரம் நாலரையில், முக்கோணம் ஐந்தில். முக்கோணமே வராத கைக்கு 'A' எப்படி வரும், 'அ' எப்படி வரும்? நர்சரி நோட்டில் இருப்பது பெரும்பாலும் கையைப் பிடித்து எழுதியது, இல்லாவிட்டால் புள்ளி மேல் இழுத்தது. பென்சிலை முழுக்கையால் இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் அப்போது ஒட்டிக்கொண்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். களிமண் உருட்டுவது, காகிதம் கிழிப்பது, துணி கிளிப் மாட்டுவது, பூக் கோப்பது இதெல்லாம் விரலுக்கான வேலை. இவை ஒரு வருடம் நடந்தால் ஐந்து வயதில் எழுத்து சுலபமாக வரும்.

எழுத்துக்கு முன் காது. வார்த்தையைக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள்: பாப்-பா இரண்டு தட்டு, த-வ-ளை மூன்று, வா-ழைப்-ப-ழம் நாலு. பிறகு 'மணி, மரம், மயில்' மூன்றிலும் முதலில் வரும் சத்தம் எது என்று கேளுங்கள். இது வந்த பிள்ளைக்கு எழுத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். காட்டும்போதும் 'அ' விலிருந்து வரிசையாகப் போகத் தேவையில்லை. ட, ப, ம பெரும்பாலும் நேர்கோட்டு எழுத்துகள், வரையச் சுலபம், உடனே 'படம்' படிக்கலாம்.

நூறு வரை சொல்வது பாட்டு, கணக்கு இல்லை. 'எனக்கு ஏழு கொட்டை எடுத்துக் குடு' என்று சொல்லிப் பாருங்கள். நூறு வரை ஒப்பிக்கும் பல பிள்ளைகள் கை நிறைய அள்ளித் தரும். முதலில் ஐந்துக்குள் நிற்க வேண்டும். ஐந்து கொட்டை வைத்து, இரண்டைக் கையால் மூடி, 'எத்தனை ஒளிஞ்சிருக்கு?' என்று கேட்பதை ஒரு மாதம் விளையாடினால் கூட்டலும் கழித்தலும் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். நாலரை வயதுக்கு மேல் பல்லாங்குழி. குழிக்கு ஒன்றாகப் போட்டுப் போவதை மிஞ்சிய கணக்குப் பாடம் நான் கண்டதில்லை.

மாதத்தில் ஒரு நாள் பெற்றோரை அழைக்கும் வழக்கம் திட்டத்திலேயே இருக்கிறது. அன்று பேச்சை ஐந்து நிமிடத்தில் முடித்து, தாய்மார் முன் இந்த ஏழு கொட்டை விளையாட்டை வையுங்கள். பிள்ளை வரைந்த தாளில் தேதி போட்டு ஒரு உறையில் சேர்த்து, ஜூனில் வரைந்ததையும் அக்டோபரில் வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஜூனில் வெறும் சுழி. அக்டோபரில் அந்தச் சுழிக்கு இரண்டு கண், கீழே இரண்டு கோடு கால். அதைக் கையில் வாங்கிப் பார்த்த தாய்க்கு விளக்கம் தேவைப்படாது. ஆங்கிலம் கேட்டால் கொடுங்கள், தப்பே இல்லை. பாட்டும் பேச்சுமாகத் தினம் பத்து நிமிடம். எழுத்தாக மட்டும் வேண்டாம்.

எடைக்கல்

படிப்பு பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். பசியோடும் சோகையோடும் இருக்கும் பிள்ளைக்குக் கதை காதில் ஏறாது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்டவர்களில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லை, 14.6 சதவீதம் உயரத்துக்கேற்ற எடையில்லை, 6 மாதம் முதல் 59 மாதம் வரை உள்ளவர்களில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் 14 பேரில் யார் யார் என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை. அளவு தப்பினால் அது தெரியவே தெரியாது.

எடை மெஷினைப் பாய் மேல் வைக்கக் கூடாது, சிமென்ட் தரையில் வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்பு சுழியத்துக்கு வந்ததா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை, கட்டுப் பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையை ஏற்றிச் சரிபார்க்கலாம். கொலுசு, அரைஞாண், ஈர ஜட்டி கூட 100, 200 கிராம் காட்டும். சின்னப் பிள்ளைக்கு ஒரு மாத வளர்ச்சியே அவ்வளவுதான்.

உயரத்தில்தான் பெரிய தப்பு நடக்கிறது. 2 வயதுக்குக் கீழே படுக்கவைத்து, மேலே நிற்கவைத்து. படுக்கவைத்து எடுத்த அளவு நின்ற அளவைவிட ஏறக்குறைய 0.7 செ.மீ. கூடுதலாக வரும், மாற்றி எடுத்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். நிற்கும்போது குதிகால், பின்புறம், தோள், தலை பலகையைத் தொட வேண்டும். கொண்டை, ஹேர்பேண்ட் எடுத்துவிடுங்கள். ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் தலைப்பலகையை இறக்க வேண்டும். ஒற்றை ஆளாக எடுத்த உயரத்தை நான் நம்புவதில்லை. உயரம் 2 செ.மீ. கூடிப் பதிவானால் நன்றாக இருக்கும் பிள்ளை மெலிந்தவர் பட்டியலில் ஏறும். குறைந்து பதிவானால் மெலிந்த பிள்ளை பட்டியலிலிருந்து விழுந்துவிடும். இரண்டாவதுதான் கொடுமை.

கைச் சுற்றளவு அளக்கும் நாடா இருந்தால் இடது கை, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில். 6 மாதம் முதல் 59 மாதம் வரை 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு (கடும் மெலிவு), 12.5 வரை மஞ்சள் (நடுத்தர மெலிவு). இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்துங்கள். குழி நின்றால் எடை என்ன காட்டினாலும் சரி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். வீக்கத்தின் நீர் எடையை ஏற்றிக் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

சாப்பாடு 3 முதல் 6 வயதுக்கு நாளுக்கு 500 கிலோ கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்தது, 2023-இல் அந்த அளவுகளைத் திருத்தினார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். முட்டை நாளில் மஞ்சள் கருவைப் பிள்ளை துப்பிவிட்டுப் போவதை யாரும் கவனிப்பதில்லை. சோற்றில் மசித்துக் கொடுத்தால் உள்ளே போகும். சின்ன வயிறு, ஒரே தட்டில் திணிக்காமல் இரண்டாம் முறை கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

நடவுக்காலம்

14 பேர்தான் வருகிறார்கள் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, யாரும் தொடவில்லை. நேரம். வேலைக்குப் போகும் தாய் காலை 8 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். மையம் திறக்கும்போது கொண்டுவிட வீட்டில் ஆள் இல்லை. நர்சரி வேன் 8 மணிக்கு வாசலில் நிற்கிறது, சாயங்காலம் இறக்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்காக மட்டும் அனுப்புகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

2 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நிலைமை இன்னும் மோசம். அதை எட்டு வயது அக்கா பார்த்துக்கொள்கிறாள், அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. 2005 ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையிலேயே, வேலையிடத்துக்கு 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்திக் கூலி தர வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஆனால் பெரும்பாலும் மரத்தில் தொட்டில்தான் தொங்கியது.

ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் கேட்க வழி இருக்கிறது. 6 மாதம் முதல் 6 வயது வரை, 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். நேரத்தை ஊர்த் தாய்மார் வேலைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். மனு போடும் முன் ஒரு நாள் வீடு வீடாகப் போய் மூன்றே கேள்வி எழுதி வாருங்கள்: பிள்ளைக்கு என்ன வயது, தாய் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறார், இடையில் பிள்ளையை யார் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலை மனுவோடு வையுங்கள். அது இல்லாத மனு 'பரிசீலனையில்' என்று நின்றுவிடும்.

நாலாம்வார்டு

அரளி வாசலிலேயே இரண்டு செடி நிற்கிறது, நாளைக் காலை வெட்டச் சொல்லிவிட்டேன். கணக்குப்பிள்ளை சொன்னபடி 55,000 ஆளுக்கு, 20,000 பொருளுக்கு என்று தீர்மான வரைவு எழுதுகிறேன். கணக்கெடுப்பை இந்த வாரமே முடிக்கிறோம். பொருள் வாங்குவதில் வேறு ஏதும் கவனிக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை

ஒன்று இருக்கிறது. வாங்கிக் கொடுத்த விளையாட்டுச் சாமான் பல மையங்களில் பீரோவுக்குள்தான் இருக்கும். பணியாளருக்குப் பிள்ளை மேல் அக்கறை இல்லாமல் இல்லை. நிலை இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால், தணிக்கையில் ஒரு சொப்பு குறைந்தாலும் பதில் அவர் சொல்ல வேண்டும். அதனால் கட்டையும் சொப்பும் களிமண் தொட்டியும் 'நுகர்பொருள், உடைந்தால் ஊராட்சி மாற்றித் தரும்' என்று தீர்மானத்திலேயே ஒரு வரி சேருங்கள். வைக்கும் அலமாரிக்குக் கதவு வேண்டாம். உயரம் இரண்டடி, பிள்ளை தானே எடுத்துத் தானே திருப்பி வைக்கும் உயரம்.